சிறை நர்ஸ் என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்கலாம்?

பெங்களூரு பரப்பன அக்ரஹார மத்திய சிறையில் என்ன நோய் அதிகம் என்பதை நகரின் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ் எப்போதோ கணக்கெடுத்துச் சொல்லிவிட்டது. சுரேஷ் படா மத், பிரதிமா மூர்த்தி குழுவினரின் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பரிசோதித்த 5,024 கைதிகளில் 4,002 பேருக்கு மனநோயோ போதைப் பழக்கமோ இருந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேர். போதையை நீக்கிவிட்டு எண்ணினாலும் 1,389 பேர். சிறை மருத்துவமனையில் பணிக்குச் சேரும் நர்ஸ் முதல் வாரத்திலேயே அந்த அறிக்கையைப் படித்துவிட வேண்டும். மேற்கொண்டு எதைக் கற்பது என்பதற்கு அதுதான் அடிப்படை.

முதலில் தொடர்கல்வி மணிக்கணக்கைச் சரிசெய்யுங்கள். நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுகளில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும். ஆண்டுக்கு 30 மணி என்று பிரித்துக்கொண்டால் கடைசி நேர ஓட்டம் இருக்காது. எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டுமுன், கர்நாடக மாநில நர்சிங் கவுன்சில் அதற்கு எத்தனை மணி நேரம் அனுமதித்திருக்கிறது என்று கேளுங்கள். சான்றிதழைப் படமெடுத்து, தேதிவாரியாக ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். இந்த வேலை இவ்வளவுதான்.

அடுத்து, கைதி உள்ளே வந்த முதல் மூன்று நாட்களைப் பற்றிக் கற்றுக்கொள்ளுங்கள். சிறையில் உயிர் போகும் ஆபத்து அதிகமுள்ள நேரம் அது. தினமும் குடித்தவர் திடீரென்று உள்ளே வருகிறார், குடி நின்றுவிடுகிறது. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்துக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாட்களில் குழப்பம், நடுக்கம், இல்லாததைக் காண்பது என்று முற்றலாம். பார்ப்பவர்களுக்கு அது அடங்காத கைதியின் கலாட்டாவாகத் தெரியும். நோய் என்று சொல்ல வேண்டியவர் நர்ஸ். குடி நின்றதால் வரும் பாதிப்பை அளக்கும் 'சீவா' அளவுகோலில் மதிப்பெண் போடப் பழகுங்கள்: பத்தே அம்சங்கள், மொத்தம் 67 மதிப்பெண். குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் போட வேண்டும் என்பதும் கைப்பழக்கமாக வேண்டும். நிமான்ஸின் போதை மருத்துவ மையம் நகரத்திலேயே இருக்கிறது. அங்கே சில நாட்கள் வார்டில் நின்று பார்க்க அலுவலகம் வழியாக அனுமதி கேளுங்கள்.

தற்கொலை அபாயத்தைக் கேட்டறிவதும் இதே நாட்களைச் சேர்ந்ததுதான். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கன்னடம், தமிழ், உருது, இந்தி என்று கைதி பேசும் மொழியிலேயே இந்தக் கேள்வியைக் கேட்கப் பயிற்சி எடுங்கள். தமிழ்நாட்டிலிருந்து போய் அங்கே வேலை பார்க்கும் சகோதரிகள் கன்னடத்தைத் தொடர்கல்வியின் ஒரு பாடமாகவே எண்ணிப் படிக்கலாம்.

மனநலத்தை முறையாகப் படிக்க வேண்டுமா? நிமான்ஸ் டிஜிட்டல் அகாடமி செவிலியருக்குச் சமூக மனநலப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. பெரும்பகுதி இணையவழி என்பதால் வேலையை விட வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 31-ஆவது பிரிவு, சிறை மருத்துவ அலுவலர்களுக்கு அடிப்படை மனநலப் பயிற்சி தருவதை அரசின் கடமையாக்கியிருக்கிறது. அந்தக் கட்டளை மருத்துவர்களோடு நின்றுவிடுகிறது. இது எனக்கு வருத்தம் தரும் விடுபடல். பயிற்சி தானாகத் தேடி வரும் என்று காத்திருக்காமல், நீங்களே எழுதிக் கேளுங்கள்.

அடுத்தவை காசநோயும் எச்.ஐ.வி.யும். காசநோய்ப் பயிற்சிக்கு பெல்லாரி சாலையில் 1959 முதல் இயங்கும் தேசியக் காசநோய் நிறுவனத்தைக் கேட்கலாம். சளிப் பரிசோதனையோடு ஜாமீனையும் மனதில் வைத்துப் படியுங்கள். கைதி திடீரென்று ஒரு மாலையில் விடுதலையாகிப் போய்விட்டால் மாத்திரை நின்றுவிடும். காசநோயாளிப் பதிவுக்கான நிக்ஷய் எண்ணும் கைவசம் சில நாள் மாத்திரையும் அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயரும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். எச்.ஐ.வி. சட்டம் 2017, அரசின் காவலில் இருப்பவருக்கும் பரிசோதனை, சிகிச்சை உரிமையைத் தருகிறது. ஒப்புதல் இல்லாமல் பரிசோதிக்கக் கூடாது, முடிவை வார்டருக்குச் சொல்லவும் கூடாது.

கடைசியாக, யாருக்காக வேலை செய்கிறோம் என்ற பாடம். இதற்கு மணிக்கணக்கு கிடைக்காமல் போகலாம், ஆனாலும் விடாதீர்கள். 2015-இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் 24 முதல் 35 வரை படியுங்கள். வெளியில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் இலவச சிகிச்சை தர வேண்டும், மருத்துவ முடிவை மருத்துவரல்லாத சிறை ஊழியர் மாற்றக் கூடாது என்கின்றன அவை. 46-ஆவது விதி, தண்டனை விதிப்பதில் மருத்துவப் பணியாளருக்குப் பங்கு கூடாது என்கிறது. 52-ஆவது விதிப்படி, ஒரு கைதிக்குச் சிகிச்சை தரும் பொறுப்பில் இருப்பவர் அவருடைய உடலின் உட்பகுதிச் சோதனையைச் செய்யக் கூடாது. பெண்கள் பிரிவில் இருப்பவர்கள் 2010-இன் பாங்காக் விதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விதி எண்ணைச் சொல்லத் தெரிந்த நர்ஸால் "இதை நான் செய்ய முடியாது, சார்" என்று அமைதியாகச் சொல்ல முடியும்.

கண்காணிப்பாளர்களுக்கும் தலைமை மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: டாக்டரைப் பயிற்சிக்கு அனுப்பும்போது ஒரு நர்ஸையும் சேர்த்து அனுப்புங்கள். பயிற்சி நாளைப் பணிநாளாகவே கணக்கிடுங்கள், சொந்த விடுப்பில் கழிக்காதீர்கள்.