ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஈரல் கணக்கு கூடி வந்தால்

சரக்கு இறங்கும்போது பட்டியலும் மூட்டையும் ஒத்து வராவிட்டால் வணிகர் யாரும் பதறுவதில்லை. பட்டியலைக் கிழித்தும் எறிவதில்லை. மறுபடி எடை போட்டு, எங்கே குறைந்தது, யார் கையில் குறைந்தது என்று வரிசையாக விசாரிக்கிறோம். கீழமாசி வீதியில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனுக்கும் இது தெரியும். ஆனால் தம் உடம்பைப் பற்றிய சீட்டில் ஓர் எண் தடித்த எழுத்தில் வந்துவிட்டால் இந்த நிதானம் நம்மிடம் இருப்பதில்லை.

சங்க முகாமில் ரத்தம் கொடுக்கிறோம். சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் "முழு உடல் பரிசோதனை சலுகை விலை" என்கிறார்கள், சரி என்கிறோம். இன்சூரன்சுக்காக எடுக்கிறோம். உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை. சீட்டைப் பார்த்தால் எஸ்.ஜி.பி.டி. 40-க்குள் இருக்க வேண்டியது 81 என்று இருக்கிறது. சிலர் அன்றிரவே தூக்கத்தைத் தொலைத்து மறுநாள் மூன்று லேபுகளுக்கு அலைகிறார்கள். சிலர் சீட்டை நான்காக மடித்துக் கல்லாவுக்குள் போட்டு, சீசன் முடியட்டும் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்கள். நம்மில் இரண்டாம் வகையினரே அதிகம். ஆகவே இந்தப் பாடம் முக்கியமாக அவர்களுக்கு.

தொந்தரவு இல்லை என்பதால் நோய் இல்லை என்று பொருளல்ல. நாடறிந்த சான்று நடிகர் அமிதாப் பச்சன். 1982-இல் பெங்களூரில் 'கூலி' படப்பிடிப்பில் அடிபட்டு உயிருக்குப் போராடியபோது ஏறத்தாழ 200 பேரின் ரத்தம் அவருக்கு ஏற்றப்பட்டது. அதில் ஒருவரிடமிருந்து ஹெபடைடிஸ் பி கிருமி வந்து சேர்ந்தது. சுமார் 18 ஆண்டுகள் ஓடியாடி நடித்தார். பிறகு வழக்கமான ஒரு பரிசோதனையில்தான் ஈரலில் முக்கால் பங்கு கெட்டுவிட்டது தெரிய வந்ததாக அவரே 2015-இல் மும்பையில் வெளிப்படையாகச் சொன்னார். மீதியுள்ள கால் பங்கைக் காத்துக்கொண்டு அதன் பிறகும் ஓயாமல் நடித்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். முதல் பாதி மட்டும் கேட்டால் பயம்தான் மிஞ்சும்.

சீட்டில் உள்ள எண்கள் என்ன?

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் செல்லுக்குள் இருக்க வேண்டிய என்சைம்கள். செல் அடிபட்டால் ரத்தத்தில் கசியும். மூட்டை கிழிந்தால் தரையில் அரிசி சிந்துவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு சிந்தியிருக்கிறது என்று இவை காட்டும். கிடங்கில் எவ்வளவு இருப்பு மீதி என்று காட்டாது. அதைச் சொல்பவை ஆல்புமின், ரத்தம் உறையும் நேரம், பிலிருபின் ஆகியவை. நன்றாகச் சுருங்கிப்போன ஈரலில் எஸ்.ஜி.பி.டி. சரியாகவே இருப்பதும் உண்டு. சிந்துவதற்கு அங்கே சரக்கு இல்லை! ஆல்கலைன் பாஸ்படேஸ், ஜி.ஜி.டி. இரண்டும் பித்தநீர் ஓடும் குழாய்களைப் பற்றிய செய்தியை அதிகம் தருகின்றன.

'இயல்பு அளவு' என்று லேபில் அச்சடித்திருப்பது, ஆரோக்கியமான நூறு பேரைச் சோதித்து அதில் சுமார் 95 பேர் எந்த எல்லைக்குள் வந்தார்களோ அந்த எல்லை. எனவே ஒரு குறையும் இல்லாதவர்களிலும் ஐந்து பேர் வெளியே நிற்பார்கள். பத்து வரி உள்ள சீட்டில் ஏதாவது ஒரு வரி தடித்த எழுத்தில் வருவது அதிசயமில்லை. லேபுக்கு லேப் எல்லையும் சற்று மாறும். ஆகவே மறுசோதனையை அதே லேபில் எடுப்பது நல்லது.

ஈரல் அல்லாத காரணங்களும் உண்டு. எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் இருக்கிறது. முதல் நாள் ஆள் வராமல் தாமே ஐம்பது கிலோ மூட்டைகளை அடுக்கியவருக்கும், புதிதாக உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்த மகனுக்கும் இது உயரும். சி.பி.கே. என்ற சோதனை தசையா ஈரலா என்று பிரித்துச் சொல்லிவிடும். ஆல்கலைன் பாஸ்படேஸ் எலும்பிலிருந்தும் வரும். வெயிலே படாமல் காலை முதல் இரவு வரை கடைக்குள் உட்கார்ந்து வைட்டமின் டி குறைந்தவருக்கு இது கூடலாம். கூடவே ஜி.ஜி.டி. இயல்பாக இருந்தால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டிய தேவை குறைகிறது. பிலிருபின் மட்டும் ஒன்றரை, இரண்டு என்று கூடி மற்றதெல்லாம் சரியாக இருந்தால் அநேகமாக அது கில்பர்ட் என்ற பிறவி அமைப்பு. பிரெஞ்சு மருத்துவர் கில்பர்ட் 1901-இல் விவரித்தது. பட்டினி கிடந்தால் இது ஏறும். சஷ்டி விரதம், புரட்டாசி விரதம் இருக்கும் நாளில் ரத்தம் கொடுத்துவிட்டு மஞ்சள் காமாலை என்று கலங்கியவர்கள் உண்டு. அதற்கு மருந்தே வேண்டாம். ஆனால் மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

கொஞ்சமாகக் கூடியிருந்தால் சில வாரங்கள் கழித்து மறுசோதனை செய்வது வழக்கம். அமெரிக்காவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இரண்டாம் முறை இயல்பாக வந்தது. மூன்றில் இருவருக்கு வரவில்லை என்பதையும் அதே கணக்கு சொல்கிறது. இரண்டாவது சீட்டு சரியாக வந்துவிட்டால் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடலாம் என்பதும் சரியல்ல. சில நோய்களில் எண் ஏறி இறங்கிக் கொண்டேயிருக்கும்.

கொழுப்பு ஈரல்

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு மிக அதிகமாகக் காரணம் இதுவே. குடிக்காதவருக்கும் வரும். சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் நகரவாசிகளில் நூற்றுக்கு 32 பேருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்துக்கு அடைத்து, அதன் பிறகு சால்னாவோடு நான்கு பரோட்டா சாப்பிட்டுப் படுக்கிற மதுரை வாழ்க்கையில் அந்தக் கணக்கு குறையக் காரணமில்லை.

தேநீரை எடுத்துக்கொள்வோம். வருகிற வாடிக்கையாளருக்கு, தரகருக்கு, வசூலுக்கு வந்தவருக்கு என்று துணைக்குக் குடிப்பதையும் சேர்த்தால் நாளைக்கு எட்டு. ஒன்றுக்கு இரண்டு சிறு கரண்டி, அதாவது பத்து கிராம் சர்க்கரை. எட்டுக்கு 80 கிராம். மாதத்துக்கு 2 கிலோ 400 கிராம். ஒரு ஆளுக்கு, தேநீரில் மட்டும்! வாடிக்கையாளர் ஒருவர் தனக்கென்று மாதம் இரண்டரைக் கிலோ சர்க்கரை வாங்கினால் நாமே வியந்து பார்ப்போம். சர்க்கரை இல்லாத காபி ஈரலுக்கு நன்மை செய்வதாகவே பல ஆய்வுகள் காட்டுகின்றன. மருந்தைவிட இங்கே எடை குறைப்பதே பலன் தருவது. 80 கிலோ இருப்பவர் ஆறு முதல் எட்டு கிலோ குறைத்தால் ஈரலின் வீக்கமே தணியும். அவசரமாக அல்ல, மாதம் ஒன்றிரண்டு கிலோ போதும். சர்க்கரை நோய், ரத்தக் கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் அதே நேரத்தில் பார்த்துவிட வேண்டும். இவை கூட்டாளிகள்.

குடிப்பவர் மருத்துவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுவதே லாபம். எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைவிட இரண்டு மடங்காகவும் ஜி.ஜி.டி. மிகவும் கூடியும் இருந்தால் சீட்டே அவருக்குச் சொல்லிவிடும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம். மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

மாத்திரையும் மூலிகையும்

வாங்கிச் சாப்பிடும் ஒவ்வொன்றையும் அட்டையோடு எடுத்துச் செல்லுங்கள். வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, உடம்பு தேற வாங்கிய பொடி, நண்பர் கொடுத்த லேகியம் எதுவும் விட்டுப்போகக் கூடாது. காசநோய் மாத்திரை சாப்பிடுபவருக்கு ஈரல் எண் கூடினால் மருந்து தரும் மையத்தில் அன்றே சொல்ல வேண்டும். தாமாக நிறுத்துவதும் ஆபத்து, சொல்லாமல் தொடர்வதும் ஆபத்து. மூலிகை என்றால் கேடில்லை என்ற எண்ணமும் சரியல்ல. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு ஈரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. ஏற்கெனவே ஈரல் எண் கூடியிருப்பவர், அந்த விவாதம் முடியும்வரை பரிசோதனைப் பொருளாக இருக்க வேண்டியதில்லை.

கீழாநெல்லி நம் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர் என்று எங்கே போனாலும் காமாலைக்குக் கைமருந்து சொல்ல ஒருவர் இருப்பார். இதற்கு உலகப் பெருமையும் கிடைத்ததுண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்குடன் சேர்ந்து, லண்டன் 'லான்செட்' இதழில் 1988-இல் ஆய்வு வெளியிட்டனர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. நமக்கெல்லாம் பெருமையான செய்திதான். ஆனால் பின்னால் மற்ற இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு முறை வந்த நல்ல விலையை வைத்துக் கிடங்கை நிரப்ப முடியுமா? தவிர, ஏ, ஈ வகைக் காமாலைகள் பெரும்பாலும் தாமாகவே தணிபவை. அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் பேர் அந்த மருந்துக்குத்தான் போகும்.

மளிகைக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. பூஞ்சை பிடித்த நிலக்கடலை, மக்காச்சோளம், வற்றல் ஆகியவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் நஞ்சு நேரே ஈரலைத்தான் தாக்கும். 1974-இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பூத்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் காமாலை வந்து இறந்தார்கள். வறுத்தால் அந்த நஞ்சு முழுவதும் போகாது. கழித்த கடலையை வீணாக்க மனமில்லாமல் வீட்டுக்கு எடுத்துப் போகும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதை விட்டுவிடலாம்.

பி, சி கிருமிகள்

எண் கூடியவர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது இந்த இரண்டு சோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். சி வகைக்கு ரத்த வங்கிச் சோதனை அப்போது கட்டாயமாக இருக்கவில்லை. சி வகையை மூன்று மாத மாத்திரையில் பெரும்பாலும் ஒழித்துவிடலாம். பி வகையை அடக்கி வைக்க மாத்திரை உண்டு. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இந்தச் சோதனையும் மருந்தும் இலவசம். மதுரைக்காரர்கள் அரசு ராஜாஜி மருத்துவமனையின் குடல், ஈரல் நோய்ப் பிரிவில் விசாரிக்கலாம்.

பி இருப்பதாகத் தெரிந்தால் கூட்டாளி விலகிப்போவார், மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதால், சில்லறை வாங்குவதால், கைகுலுக்குவதால் அது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம், ஊசி, பிறர் பயன்படுத்திய சவரக் கத்தி இவையே வழிகள். மனைவி மக்களைச் சோதித்து, கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வீடு பாதுகாப்பாகிவிடும். ஆறு மாதத்தில் மூன்று ஊசி. மறைத்தால் அவர்களுக்குத்தான் நஷ்டம்.

ஒரு சின்னக் கணக்கு

ஈரலில் தழும்பு விழுந்திருக்குமா என்று மதிப்பிட 2006-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள். ரத்தத் தட்டணு எண்ணிக்கையை ஆயிரத்தால் வகுத்து, அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதல் தொகையை இரண்டாவதால் வகுக்க வேண்டும். வயது 45, எஸ்.ஜி.ஓ.டி. 52, எஸ்.ஜி.பி.டி. 81, தட்டணு 2,30,000 என்றால்: 2340-ஐ 2070-ஆல் வகுக்க 1.13. இது 1.3-க்குக் கீழ் இருப்பதால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதே என்சைம்கள், ஆனால் வயது 60, தட்டணு 1,10,000 என்றால்: 3120-ஐ 990-ஆல் வகுக்க 3.15. இது 2.67-க்கு மேல். ஈரல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும், ஃபைப்ரோஸ்கேன் தேவைப்படும். எஸ்.ஜி.பி.டி. இருவருக்கும் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். 65 வயதைத் தாண்டியவருக்குக் கீழ் எல்லை 2 என்று கொள்வார்கள். 35-க்கு உட்பட்டவருக்கும், காமாலை வந்திருக்கும் நேரத்திலும் இந்தக் கணக்கு பொருந்தாது.

மறுசோதனைக்குக் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கண் மஞ்சளாதல், சிறுநீர் கடுங்காப்பி நிறமாதல், ரத்த வாந்தி, தார் போன்ற கருமலம், வயிறு அல்லது கால் வீங்குதல், பேச்சில் தடுமாற்றம், பகலில் உறங்கி இரவில் விழித்திருத்தல் ஆகியவை கண்டால், அல்லது எஸ்.ஜி.பி.டி. பல நூறு, ஆயிரம் என்று வந்தால், அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது இந்தச் சீட்டோடு பழைய சீட்டுகளையும் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். மூன்று வருடத்துச் சீட்டுகள் கையில் இருந்தால் எண் எப்போது ஏறத் தொடங்கியது என்பதை மருத்துவர் முதல் பார்வையிலேயே கண்டுகொள்வார்.