கம்பஸுக்கு பைக் வேணுமா?

திருகோணமலை வளாகத்துக்கு ஒரு பிள்ளை தெரிவாகிவிட்டால், வீட்டில் எழும் முதல் பேச்சு பாடத்தைப் பற்றியதாக இருக்காது. "விடுதி தருவாங்களா? தராட்டி ஒரு பைக் எடுத்துக் குடுப்பமா?" இதுதான் பேச்சு. வீடு அதே மாவட்டத்தில் இருந்தால் விடுதியை நம்பியிருக்க முடியாது, தூரத்துப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். நான் அங்கே படித்து முடித்தவன். இப்போது தங்கச்சி படிக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் வீட்டில் எடுத்த முடிவு வேறு வேறு. இரண்டும் சரியென்றே இன்றைக்கும் நினைக்கிறேன்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நகரத்துக்குள் இல்லை. உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு தாண்டி, நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது, பஸ் நிலையத்திலிருந்து பத்துக் கிலோமீற்றர் மட்டில். எங்கள் வீடோ மறுபக்கம், தம்பலகாமத்தில். கண்டி வீதியால் சீனக்குடாவைக் கடந்து நகரத்துக்கு வரவே 24 கிலோமீற்றர். ஒருவழி 35 என்று வைத்துக்கொள்ளுங்கள், போய்வர 70.

அப்பாவிடம் பழைய அல்ட்டோ ஒன்று நின்றது. "மழைக்கு நனையாமப் போய் வா, அதைக் கொண்டு போ" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று 2025ஆம் ஆண்டுக் கணக்கில் பாருங்கள்: லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் காருக்கு ஒரு நாளைக்கு 1,400 ரூபா, மாதம் இருபது நாள் போனால் 28,000. லீற்றருக்கு 45 ஓடும் பைக் என்றால் மாதம் 9,300 ரூபா. மாதாந்த மகாபொல உதவித்தொகையை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவாகக் கூட்டினார்கள். அந்தத் தொகையை முழுதாக ஊற்றியிருந்தாலும் பைக்குக்கே போதியிருக்காது. சோறு, போட்டோகொப்பி எல்லாம் அதற்குப் பிறகு.

நான் படித்த காலத்தில், 2022இல், இப்படியான கணக்கும் பொய்த்தது. ஜூனில் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. கியூஆர் (QR) எரிபொருள் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், காருக்கு 20. என் வழிக்கு 4 லீற்றர் இரண்டரை நாள் ஓட்டம். வேடிக்கை என்னவென்றால், பங்கீட்டின்படி கார்தான் நாலு நாள் தாங்கும், ஆனால் அதை நிரப்ப யாரிடம் காசு? சீனக்குடாவால் போகும்போது வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் நிற்கும், மொத்தம் 99. அவற்றை ஊருக்குள்ளே வைத்துக்கொண்டு ஒரு போத்தல் பெற்றோலுக்கு விடிய விடிய வரிசையில் நின்றவர்கள் நாங்கள். அந்தக் காலத்தில் பைக்கை மட்டும் நம்பியிருந்த கூட்டாளிகள் பலர் பஸ் பிடிக்கப் பழகவே கஷ்டப்பட்டார்கள்.

சரி, பஸ் போதுமா? காலையில் போதும். நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகிற பஸ் எதுவும் அந்த வீதியால்தான் போக வேண்டும். நெரிசல் இருக்கும், நடத்துநர் "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்று கத்துவார், அவ்வளவுதான். இ.போ.ச. பஸ்ஸுக்கு மாணவர் சீசன் எடுத்துவிட்டால் செலவு மிகக் குறைவு. தனியார் பஸ்ஸில் சீசன் செல்லாது என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவன் சொல்வான், வன்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 2003இலிருந்து படிப்புக் கட்டணத்தோடு பஸ் பாஸையும் சேர்த்தே கொடுக்கிறார்கள், கார் கொண்டுவருபவன்தான் நிறுத்தக் காசு கட்டுகிறான் என்று. எங்கள் சீசன் அதற்குச் சித்தப்பா மகன் முறை.

சிக்கல் பின்னேரத்தில். செயன்முறை வகுப்பு இழுபட்டுவிட்டால், குழு வேலை முடியாவிட்டால், கோணேசபுரியில் நின்று ஒரு பஸ், நகரத்தில் இன்னொரு பஸ். அங்கே கந்தளாய், கண்டி போகும் பஸ்களில் "கிட்டப் போற ஆக்கள் பிறகு ஏறுங்கோ" என்று நிறுத்திவிடுவார்கள், தூரப் பயணிக்குத்தான் ஆசனம். கடைசியாகச் சந்தியில் இறங்கினால் ஊருக்குள் போக இருட்டு வழி, சில நாட்களில் யானைக் கதையும் சேரும். ஆகவே வாகனத்தைப் பற்றி யோசிப்பதென்றால் காலை நேரத்தை விட்டுவிட்டு, உங்கள் வழியில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, அதற்குப் பிறகு எந்த இடத்தில் நிற்பீர்கள் என்று பாருங்கள். எனக்கு அந்த இடம் தம்பலகாமம் சந்தி. அதனால் பைக் சந்தி வரைக்கும்தான். அங்கே தெரிந்த கடையில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். சோதனைக் காலத்தில் உப்புவெளியில் கூட்டாளிகளின் அறையில் பாய் ஒன்று விரித்துக்கொண்டேன்.

பெற்றோலை மிச்சம் பிடிக்க மட்டும் அப்படிச் செய்யவில்லை. கண்டி வீதி அகலமானது, நல்ல வீதி. அதுதான் ஆபத்தும். சீனக்குடாப் பக்கமிருந்து மா லொறியும் சீமெந்து லொறியும் வரிசையாக வெளிக்கிடும். அவை முந்திப் போகும் காற்றிலேயே பைக் ஓரத்துக்குச் சாயும். நகரத்துக்குள் வந்தால் மான்கள். சுற்றுலா வருபவர்கள் அவற்றைப் படம் எடுப்பார்கள். மாலையில் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு மான் திகைத்து நிற்பதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும், அது எந்தப் பக்கம் பாயும் என்று சொல்லவே முடியாது. நிலாவெளி வீதியில் இரவில் மாடுகள் தாரில் படுத்திருக்கும், கறுப்பு மாடு கிட்டப் போனால்தான் தெரியும்.

கடல் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வளாகம் கடலுக்கு அவ்வளவு கிட்ட. ஒரு தவணை முழுக்க வெளியில் நின்ற பைக்கின் செயினைத் தொட்டுப் பாருங்கள், விரலில் செம்மண் மாதிரி கறள் ஒட்டும். சைலன்சரின் அடிப்பக்கம் முதலில் போகும், பிறகு ஸ்போக் கம்பிகள், பிறகு சீற்றுக்குக் கீழே வயர் முனைகள். கிழமைக்கு ஒருக்கால் நல்ல தண்ணியால் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடாதவன் பைக் வைத்திருக்கத் தேவையில்லை என்பது என் கருத்து.

பைக் கொண்டுபோனால் அது உங்களுடையது மட்டுமில்லை. "மச்சான், ஒருக்காச் சாவியைத் தா, அலஸ்தோட்டம் போய் வாறன்." மறுத்தால் முகம் கோணும். நான் பார்த்தவரையில் அந்த ஆளிடம் லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்பவர் குறைவு. தேட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருக்கும் பைக்குக்கு அடிபட்டால் உங்கள் திருத்தச் செலவு உங்கள் தலையில்தான்.

தங்கச்சி விஷயத்தில் அப்பா நேரே ஸ்கூட்டியென்றார். நானும் மறுக்கவில்லை. அவள் பெரியம்மா வீட்டில், உப்புவெளியில் தங்கியிருக்கிறாள். அங்கிருந்து வளாகம் போய்வர, அதே 300 ரூபாக் கணக்கில், பெற்றோல் நாளைக்கு 100 ரூபாவும் முடியாது. நெரிசல் பஸ்ஸில் ஒரு பெட்டைப் பிள்ளை படுகிற பாட்டை நான் பட்டதில்லை. பொழுதுபட்ட பிறகு வீதியில் பஸ்ஸுக்காக நிற்பதும், இறங்கி ஒழுங்கைக்குள் தனியே நடப்பதும் அவளுக்கு எனக்கு மாதிரி இல்லை. பெற்றோல் கணக்கில் இதற்கு இடமே கிடையாது.

வாங்கும்போதுதான் கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பவும் திறந்தது. இடையில் பழைய வண்டிகளுக்கு வந்த விலையைக் கேட்டால் தலை சுற்றும். புரோக்கர்மார் ஓப்பின் பேப்பரில் தருகிறோம் என்பார்கள், அதாவது முந்தின சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட, பெயர் நிரப்பாத கடதாசி. வேண்டாம். சீ.ஆர். என்கிற பதிவுப் புத்தகத்தில் யார் பெயர், லீசிங் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து, உடனே பெயர் மாற்றுங்கள். லீசிங்கில் புது வண்டி எடுத்து, தவணை தவறி, வளாகத்துக்குப் போகிற வழியிலேயே வண்டியைப் பறிகொடுத்த பிள்ளையை எனக்குத் தெரியும். வருடா வருடம் புகைப் பரிசோதனை, இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்தக் காசை முதலே ஒதுக்கி வையுங்கள்.

தங்கச்சியின் வகுப்பில் அலஸ்தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி இப்போது அவளோடுதான் ஏறுகிறாள். ஏறுவதற்கு முன்னமே பேசி முடித்துவிட்டார்கள்: ஹெல்மெட் அந்தப் பிள்ளையே வாங்க வேண்டும், திங்கட்கிழமை பெற்றோல் அவள் கணக்கு, சாவி மட்டும் கேட்கக் கூடாது.