விசில் கொடுத்தால்தான் வண்டி நகரும்

கணினி அறிவியல் வகுப்பில் கேள்வி கேட்கும்போது எந்தெந்தக் கைகள் உயர்கின்றன என்று இரண்டு வாரம் இருக்கை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஆய்வகத்துக்குப் போகும் நாள்களில் சுட்டி யார் கையில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். திருவான்மியூரில் நான் பாடம் நடத்தும் பதினோராம் வகுப்பில் அப்படிக் குறித்தபோது, குறிகள் எல்லாம் ஏழெட்டுப் பேரின் பெயருக்கு நேரே குவிந்தன. வீட்டிலோ உறவினர் வீட்டிலோ கணினியைத் தொட்டுப் பழகியவர்கள் அவர்கள். மற்றவர்கள் பார்வையாளர்கள். பாடத்தைக் கவனிப்பார்கள், நோட்டில் ஒரு வரி விடாமல் எழுதியிருப்பார்கள், தேர்விலும் எழுதிவிடுவார்கள். ஐந்து வரி நிரல் ஒன்றைத் தாமே எழுதச் சொன்னால்தான் கை நின்றுவிடும்.

எங்கள் பகுதியில் இது சற்றுக் கூடுதலாகவே உறுத்தும். தரமணியில் டைடல் பார்க் திறந்தது 2000-ஆம் ஆண்டில். அதன்பின் ராஜீவ் காந்தி சாலை நெடுக மென்பொருள் அலுவலகங்கள் எழுந்துவிட்டன. எங்கள் மாணவர்கள் பலருடைய அம்மாக்கள் அந்தக் கட்டடங்களுக்குத் துப்புரவுப் பணிக்கும் உணவக வேலைக்கும் போகிறார்கள். சிலருடைய அப்பாக்கள் வாசலில் காவல் பணியில் இருக்கிறார்கள். குப்பத்துப் பிள்ளைகளின் வீட்டில் கடல் தொழில். "அங்க உக்காந்து வேல செய்றவங்க வேற ஆளுங்க மிஸ்" என்று ஒரு மாணவி மிகச் சாதாரணமாகச் சொன்னாள். அவள் கணினி அறிவியல் பிரிவை விரும்பி எடுத்துப் படிப்பவள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் கட்டடத்தைப் பற்றித்தான் அப்படிச் சொன்னாள்.

இன்று நம் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம் இருக்கிறது, இணையம் இருக்கிறது. ஆனாலும் பின்வரிசை மாணவி அன்று தன் மூளையைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைக் கணினி உண்டாக்காது. அதைப் பாடத்தின் அமைப்புதான் உண்டாக்க வேண்டும். என் வகுப்பில் பயன்படும் இரண்டு முறைகளை இங்கே விரிவாகச் சொல்கிறேன். இரண்டும் நான் கண்டுபிடித்தவை அல்ல.

முதலாவது, வாக்களித்துவிட்டுப் பேசுவது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991-இல் தொடங்கிய முறை இது. பிறகு சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பெத் சைமன், லியோ போர்ட்டர் முதலியோர் இதைக் கணினி வகுப்புகளுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே இம்முறையில் நடந்த பாடங்களில் தோல்வி விகிதம் பெரிதும் குறைந்ததை 2013-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். அவர்களிடம் வாக்களிக்க மின்னணுக் கருவி இருந்தது. எங்களிடம் நான்காக மடித்த தாள் இருக்கிறது. நான்கு பக்கங்களிலும் அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதி, விடைக்குரிய பக்கத்தை எனக்கு மட்டும் தெரியும்படி மார்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் முதல் பெஞ்சின் விடையே வகுப்பு முழுவதற்கும் பரவிவிடும்.

மடக்கு பற்றிய பாடத்தில் நான் கேட்கும் கேள்வி ஒன்று. வகுப்பில் இதைச் சி பிளஸ் பிளஸ் மொழியில்தான் தருகிறேன். மற்ற பாட ஆசிரியர்களும் வாசிக்க வசதியாக, முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் தமிழ் நிரல் மொழியில் இங்கே எழுதுகிறேன்.

எண் = 1
@( எண் < 5 ) வரை
    எண் = எண் + 2
    பதிப்பி எண்
முடி

'பதிப்பி' என்றால் திரையில் காட்டு. திரையில் என்னென்ன வரும்?

அ) 1, 3
ஆ) 3
இ) 3, 5
ஈ) 3, 5, 7

இந்த இடத்தில் நீங்களும் ஒரு விடையைத் தேர்ந்துவிட்டுப் படிக்கலாம்.

ஒன்றரை நிமிடம் யாரும் பேசக் கூடாது. பிறகு ஒரே நேரத்தில் தாளைப் பிடிக்க வேண்டும். முதல் வாக்கில் அதிகம் வந்தது 'ஆ'. நான் விடையைச் சொல்வதில்லை, என் முகமும் காட்டிக்கொடுக்கக் கூடாது. அருகில் வேறு விடை வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். அடுத்த மூன்று நிமிடம் வகுப்பு சந்தைக்கடைதான். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

அந்தச் சத்தத்தின் நடுவே நடந்து போனால் கேட்பது இதுதான்.

"எண் அஞ்சு ஆன உடனே நிபந்தனை பொய்யாயிடுச்சு. அப்புறம் அஞ்சு எப்படிடா அச்சாகும்?"

"நிபந்தனைய எங்க பாக்குது? மேலதான பாக்குது? கீழ வந்துட்ட பிறகு அதுக்கு எப்படித் தெரியும்?"

"கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் பாடத்தின் உயிர். 1986-இல் ராய் பீ என்ற ஆய்வாளர், புதிதாக நிரல் கற்பவர்களின் பிழைகளைத் தொகுத்தபோது, பலவற்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை கிடப்பதைக் கண்டார். கணினிக்குள் நம் நோக்கத்தைப் புரிந்துகொள்ளும் மனம் ஒன்று ஒளிந்திருக்கிறது என்ற நம்பிக்கை அது. 'ஆ' என்று வாக்களித்தவர்கள் கவனக்குறைவானவர்கள் அல்லர். நிபந்தனையைக் கணினி இடைவிடாமல் கண்காணித்துக்கொண்டே இருக்கிறது, பொய்யான அந்தக் கணமே நிறுத்திவிடும் என்று நினைக்கிறார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெஃப்ரி போனார், எலியட் சோலோவே இருவரும் இதற்கான காரணத்தை அன்றாட மொழியில் கண்டார்கள். மாணவர்கள் வீட்டுப் பேச்சில் ஏற்கெனவே அறிந்த சொல்லின் பொருளை நிரலுக்குள்ளும் கொண்டுவருகிறார்கள் என்றார்கள்.

அவர்கள் ஆங்கிலச் சொல்லை வைத்துச் சொன்னது தமிழுக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. நம்முடைய 'வரை' இரண்டு வேலை செய்யும் சொல். "மழை விடும் வரை இங்கேயே நில்" என்றால் விட்டதும் கிளம்பலாம். "மழை பெய்யும் வரை உள்ளே இரு" என்றாலும் ஏறக்குறைய அதே செயல்தான், ஆனால் நிபந்தனை தலைகீழ். முதல் வாக்கியத்தில் நிபந்தனை உண்மையாகும்போது செயல் முடிகிறது. இரண்டாவதில் நிபந்தனை உண்மையாக இருக்கும் காலம் முழுதும் செயல் நடக்கிறது. நிரலில் உள்ளது இரண்டாவது வகை: எண் ஐந்துக்குக் குறைவாக இருக்கும் வரை. மாணவர்கள் அதை "எண் ஐந்து ஆகும் வரை" என்று மாற்றி வாசிக்கிறார்கள். போதாக்குறைக்கு, மழைக்கு ஒதுங்கி நிற்பவர் கண்ணை வானத்திலேயே வைத்திருப்பார். சோறு வேகும் வரை அடுப்பருகே நிற்பவரும் அப்படித்தான். கணினி அப்படி நிற்பதில்லை. மடக்கின் தொடக்கத்துக்குத் திரும்பும்போது மட்டும்தான் நிபந்தனையைப் பார்க்கிறது.

இதை விளக்க நான் கரும்பலகையில் அம்புக்குறி போடத் தொடங்கியபோது ஒரு மாணவன் எழுந்து, "மிஸ், மருந்தீஸ்வரர் கோயில்ல மூணு சுத்து வர்றோம்ல, கொடிமரத்துகிட்ட வந்தாத்தான எத்தன ஆச்சுன்னு பாப்போம்? நடுப் பிரகாரத்துல நின்னுட மாட்டோம்ல?" என்றான். என் அம்புக்குறியை அழித்துவிட்டேன். அதன்பின் எங்கள் வகுப்பில் நிபந்தனைக் கூற்றுக்கு 'கொடிமரம்' என்று பெயர். "கொடிமரம் எங்க இருக்குன்னு பாரு" என்று அவர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொள்கிறார்கள். செய்–மடக்கு வந்தபோது, "கொடிமரம் இதுல கடைசியில இருக்கு, அதனால ஒரு சுத்தாவது கட்டாயம்" என்று பாடப்புத்தகம் சொல்லும் முன்பே சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் வாக்கில் பெரும்பாலோர் 'இ' பக்கம் வந்திருந்தார்கள். அப்போதும் 'ஆ'விலேயே நின்றவர்களை அழைத்து, எண்ணின் மதிப்பை வரி வரியாகப் பலகையில் எழுதச் சொன்னேன். முதலில் எண் 1. ஐந்துக்குக் குறைவு, உள்ளே போ. 3 ஆகிறது, அச்சாகிறது. கொடிமரம். 3 குறைவுதான், உள்ளே போ. 5 ஆகிறது, அச்சாகிறது. கொடிமரம். 5 என்பது 5-ஐ விடக் குறைவல்ல, வெளியே வா. விடை 'இ'. இப்படி எழுதியவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கேள்வி தயாரிப்பதுதான் கடினம். சரியான விடையை எழுதுவது எளிது, நல்ல தவறான விடைகளை எழுத வேண்டுமே! அதற்கு ஒரு வழி உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் சிறு துண்டுத் தாளில், பெயர் இல்லாமல், விடையை மட்டும் எழுதி வாங்குகிறேன். மாணவர்கள் உண்மையிலேயே எழுதிய தவறுகளிலிருந்துதான் அடுத்த கேள்வியின் அ, ஆ, ஈ வருகின்றன. நாமாகக் கற்பனை செய்யும் தவறுகளில் ஒருவரும் விழுவதில்லை. முதல் வாக்கிலேயே முக்கால்வாசிப் பேர் சரியாகச் சொன்னால் கேள்வி எளிது, பேச்சுக்கு விடாமல் கடந்துவிடலாம். மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாவிட்டால் அவர்களைப் பேசவிடுவதில் பயனில்லை, தவறுதான் பரவும். அன்று மீண்டும் நடத்த வேண்டியதுதான்.

இரண்டாவது முறை ஆய்வகத்துக்கு. இருவர் ஒரு கணினியில் சேர்ந்து நிரல் எழுதுவது மென்பொருள் நிறுவனங்களிலும் உள்ள வழக்கம். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் வழி சொல்வார். சாண்டா குரூசில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், தனியாக எழுதியவர்களை விட இணைந்து எழுதிய மாணவர்கள் பாடத்தைப் பாதியில் விடாமல் முடிப்பது கூடுதலாக இருந்தது என்று ஆய்ந்து எழுதியிருக்கிறார்கள். நம்மிடமோ பல பள்ளிகளில் கணினிக்கு இரண்டு பேர் என்பது வழக்கமே. பற்றாக்குறை என்று நினைப்பதை முறையாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் இருவரை உட்கார வைத்தால் மட்டும் போதாது. தெரிந்தவர் தட்டுவார், தெரியாதவர் பார்ப்பார். அதற்குத்தான் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்டோம்: ஓட்டுநர், நடத்துநர். விசைப்பலகை ஓட்டுநர் கையில். அடுத்து என்ன எழுத வேண்டும் என்று சொல்வது நடத்துநர். நடத்துநர் விசில் கொடுக்காமல் வண்டி நகராது, ஓட்டுநர் தன்னிஷ்டத்துக்கு ஒரு வரிகூட எழுதக் கூடாது. நடத்துநர் ஸ்டியரிங்கைத் தொடவும் கூடாது. எட்டு நிமிடத்துக்கு ஒரு முறை நான் மணியடிப்பேன், இருவரும் இடம் மாற வேண்டும். நிரலை இயக்கும் முன், திரையில் என்ன வரப்போகிறது என்று நடத்துநர் நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். எழுதாமல் இயக்கு பொத்தானை அழுத்தினால் அது 'டிக்கெட் இல்லாப் பயணம்'. இந்தப் பெயரும் அவர்கள் வைத்ததே.

முதல் இரண்டு வாரம் பொறுமை வேண்டும். வேகமாகத் தட்டத் தெரிந்தவர்களுக்கு எரிச்சல் வரும். "நானே போட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும் மிஸ்." முடியும்தான். ஆனால் தனக்குத் தெரிந்ததை இன்னொருவர் வாயால் வரவழைப்பது அவர்களுக்கும் புதிய பயிற்சி. இணை சேர்ப்பதில் நான் ஒன்றைக் கவனிக்கிறேன். வகுப்பிலேயே மிக விரைவானவரையும் மிகத் தயங்குபவரையும் சேர்ப்பதில்லை. அங்கே நடத்துநர் பெயருக்குத்தான் நடத்துநர். பக்கத்துப் பக்கத்து நிலையில் இருப்பவர்கள் சேர்ந்தால்தான் வாக்குவாதம் வருகிறது. "வேற ஆளுங்க" என்ற மாணவி இப்போது கடுமையான நடத்துநர். அரைப்புள்ளி விடுபட்டால் விசிலே கிடைக்காது.

ஆய்வகத்தில் மதிப்பீடு நடக்கும் நாள்களுக்கும் மின்சாரம் இல்லாத நாள்களுக்கும் காகிதக் கீற்றுகள் வைத்திருக்கிறேன். நிரலின் ஒவ்வொரு வரியையும் தனிக் கீற்றில் எழுதிக் குலைத்துக் கொடுத்தால் சரியாக அடுக்க வேண்டும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பாலிடெக்னிக்கில் டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன் இருவரும் 2006-இல் அறிமுகப்படுத்திய வகைப் புதிர் இது. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் இதை உடனே பயன்படுத்தலாம். தேநீர் போடுவதையோ கூட்டல் கணக்கின் படிகளையோ கீற்றுகளாக்கினாலும் அடிப்படை ஒன்றுதான்.

நேரம் போதுமா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். ஒரு கேள்விக்குப் பத்து நிமிடம் ஆகிறது. பாடவேளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. எல்லாப் பாடத்துக்கும் இது தேவையில்லை. கணினியின் தலைமுறைகளை வாக்கெடுத்துக் கற்பிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை, அதைப் படித்துவிட்டு வரச் சொல்லிவிடுகிறேன். மடக்கு, செயற்கூறு, மதிப்பிருத்தல், தற்சுழற்சி போல மனதில் ஓர் இயந்திரம் ஓடிப் பார்க்க வேண்டிய இடங்களில் மட்டும் நேரத்தைச் செலவிடுகிறேன்.

இருக்கை வரைபடத்தில் குறிப்பதை நிறுத்தவில்லை, மாதத்துக்கு ஒரு வாரம் குறிக்கிறேன். இப்போது மூன்று பெயர்களுக்கு நேரே இன்னும் வெற்றிடம்தான். அவர்களில் இருவர் அதிகாலையில் குடும்ப வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள், முதல் பாடவேளையில் கண்ணைத் திறப்பதே பாடு. அவர்களுக்காகக் கணினி வகுப்பை மதியத்துக்கு மாற்றித் தரத் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.

அடுத்த வாரக் கேள்வி தயாராக இருக்கிறது. மேலே உள்ள நிரலில் நடுவில் இருக்கும் இரண்டு வரிகளை இடம் மாற்ற வேண்டும்: முதலில் பதிப்பி, பிறகு கூட்டல். விடைகள் அதே நான்குதான். சென்ற முறை 'இ' என்று சரியாகச் சொன்னவர்களில் எத்தனை பேர் இம்முறையும் யோசிக்காமல் அதையே பிடிக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.