மௌனமான உணரியும் செயலிழந்த உணரியும்

வீட்டில் பொருத்திய கம்பியில்லாக் கருவி இணைப்பை இழந்த பின்னும், செயலியின் திரை அது இறுதியாக அனுப்பிய அளவையே காட்டிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், அளவைக் காட்டிலும் கருவி கடைசியாகத் தொடர்புகொண்ட நேரத்தைக் கவனிப்பதே நம்பத்தக்கது. நேரடி மின்சாரத்தில் இயங்கும் பிளக், விளக்கு போன்றவை எந்நேரமும் விழித்திருப்பதால், சிறு வினாச் செய்தியை அனுப்பி மறுமொழி வருகிறதா எனச் சோதிக்கலாம். பேட்டரியில் இயங்கும் கதவு உணரியோ பெரும்பாலும் உறங்கி, நிலை மாறும்போதோ நீண்ட இடைவெளியிலோ மட்டுமே செய்தி அனுப்புவதால், அதன் மௌனத்தை உடனே பழுதெனக் கொள்ளலாகாது. இவ்வேறுபாடு கருதியே, ஜிக்பீ என்னும் குறைமின் வானொலி முறைக்கான 'ஜிக்பீ2எம்க்யூடிடி' மென்பொருளின் கண்காணிப்பு வசதி, இயல்பமைப்பில் முதல் வகைக்கு 10 நிமிடமும் இரண்டாம் வகைக்கு 25 மணி நேரமும் காத்திருக்கிறது. நீர்க்கசிவு உணரிக்கு 25 மணி நேரம் சற்று அதிகம் என்று கருதுவோர், அக்கருவி வழக்கமாகச் செய்தி அனுப்பும் இடைவெளியை அறிந்த பிறகே அதைக் குறைக்க வேண்டும். இல்லையேல் பொய் எச்சரிக்கைகள் பெருகி, உண்மையான எச்சரிக்கையும் புறக்கணிக்கப்படும்.

பட்டன் பேட்டரியின் மின்னழுத்தம் நெடுநாள் ஏறத்தாழ மாறாதிருந்து இறுதியில் விரைந்து வீழ்வதால், திரையில் தெரியும் சதவீதத்தை முழுமையாக நம்ப இயலாது. ஒரே பகுதியிலுள்ள பல உணரிகள் ஒருசேர மறைந்தால், பேட்டரிகளை மாற்றுமுன், அவற்றின் செய்திகளை இடைநின்று கடத்தும் பிளக்கை எவரேனும் சுவிட்சில் அணைத்துவிட்டனரா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.