மாத்திரைக்கும் ஒரு கணக்கு வேண்டும்



போன மாதம் ஒரு குழுக் கூட்டம். சந்தா வசூல் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரம். எப்போதும் முதல் ஆளாக வரும் அக்கா அன்றைக்குச் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தார். "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "ஒரு வாரமா எழுந்தா கிறுகிறுன்னு வருது மேடம். காலும் வீங்கிக் கெடக்கு" என்றார். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டதும் அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "ஒரு வேளைகூட விட்டதில்ல. ரெண்டு ஆஸ்பத்திரி மாத்திரையும் சாப்பிடறேன்."

அந்த 'ரெண்டு ஆஸ்பத்திரி'தான் எனக்கு உறுத்தியது.

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய் மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்தோம். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் கொடுக்கும் மாத்திரை ஒரு பக்கம். மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சல் வந்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எழுதிக் கொடுத்த மாத்திரை இன்னொரு பக்கம். அந்தப் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறார். அட்டையின் நிறம் வேறு, மேலே போட்ட பெயர் வேறு. ஆனால் சின்ன எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான்: அம்லோடிபின் 5 மி.கி. ஒன்று சாப்பிட வேண்டியவர் தினமும் இரண்டு சாப்பிட்டிருக்கிறார். இந்த மருந்து அளவு கூடினால் கால் வீங்கும், பிரஷர் ரொம்ப இறங்கித் தலை சுற்றும். மறுநாளே பையோடு சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டரம்மா ஒன்றை நிறுத்தினார். இப்போது வீக்கம் வடிந்து அக்கா நன்றாக இருக்கிறார்.

இதில் யாரைக் குறை சொல்வது? ஒரு டாக்டர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. இரண்டையும் கையில் வைத்திருந்தவர் அக்கா ஒருவர்தான். அவருக்கு அவை இரண்டு வேறு மருந்து.

கடன் தவணையில் ஒரு ரூபாய் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிறவர்கள் நாம். ஆனால் சுகர், பிரஷர் மாத்திரையை மட்டும் "அட்டை தீர்ந்தா போய் வாங்கிக்கலாம்" என்று விட்டுவிடுகிறோம். இதற்கும் ஒரு கணக்கு நோட்டு போடுங்கள். சுகாதார நிலையத்தில் கொடுத்த நோட்டு இருந்தால் அதுவே போதும். எந்த மருந்து, எத்தனை மி.கி., காலையா ராத்திரியா, என்று வாங்கியது, எத்தனை வாங்கியது என்று எழுத வேண்டும். அட்டையில் இருப்பது இங்கிலீஷ் எழுத்து, நம்மில் பலருக்கு வாசிக்க வராது. மருந்து கொடுக்கிறவரிடமே "இதைத் தமிழில் எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எந்த டாக்டரிடம் போனாலும், பல்வலிக்கே போனாலும், நோட்டையும் எல்லா மாத்திரையையும் ஒரே பையில் கொண்டு போங்கள்.

அடுத்தது, தீரும் தேதி. மெட்ஃபார்மின் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்றால் 30 நாளுக்கு 60 மாத்திரை. அதை வாங்கிய இடத்திலேயே எண்ணிப் பாருங்கள். ஜனவரி 5-ந் தேதி காலையில் ஆரம்பித்தால் பிப்ரவரி 3-ந் தேதி ராத்திரியோடு முடிந்துவிடும். அதற்கு ஐந்து நாள் முன்னால், ஜனவரி 29-ந் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். லீவு நாளோ, மருந்து ஸ்டாக் இல்லாத நாளோ குறுக்கே வந்தாலும் அந்த ஐந்து நாள் கை கொடுக்கும். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ வெளியூர் போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லி, கூடுதல் நாளுக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். நோட்டையும் கையோடு எடுத்துப் போனால், போன ஊரில் உள்ள அரசு சுகாதார நிலையத்தில் காட்டலாம்.

"எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையே, ரெண்டு நாள் விட்டா என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். பிரஷர் ஏறினால் பெரும்பாலும் வெளியே ஒன்றும் தெரியாது. பக்கவாதமாக வந்த பிறகுதான் தெரிகிறது. அட்டினோலால் போன்ற சில மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது நெஞ்சுக்கே ஆபத்து. ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகச் சேர்த்துப் போடவும் கூடாது. தீர்ந்துபோச்சு என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று வாங்கிச் சாப்பிடாதீர்கள். அரிசி வாங்கலாம், மாத்திரை வாங்கக் கூடாது. அவர் அளவு வேறு, உங்கள் அளவு வேறு.

பழைய சீட்டைக் காட்டியே வருஷக் கணக்கில் மெடிக்கலில் வாங்குவதும் சரியில்லை. சுகாதார நிலையத்துக்கு நேரில் போனால் பிரஷர் பார்ப்பார்கள், சுகர் பார்ப்பார்கள், கிட்னி பரிசோதனைக்கும் எழுதுவார்கள். உடம்பு மாறினால் மருந்தின் அளவும் மாற வேண்டும். பழைய சீட்டுக்கு அது தெரியாது. பணத்தையும் பாருங்கள்: அரசு சுகாதார நிலையத்தில் இந்த மாத்திரைகள் இலவசம். அந்த அக்கா ஒரே மருந்தை ஒரு இடத்தில் சும்மா வாங்கி, இன்னொரு இடத்தில் காசு கொடுத்தும் வாங்கியிருக்கிறார்!

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. மாத்திரையை வீடு தேடிக் கொண்டுவரும் அந்த வேலைக்கு நம்மைப் போன்ற குழுப் பெண்களே பலர் வந்தார்கள். வீட்டுக்கே மாத்திரை வருகிறது என்றால் வயதானவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் வீட்டில் ஆள் இல்லாத நாளில் அது தவறிப்போகலாம். யார் வாங்கி வைப்பது என்று வீட்டில் முன்னமே பேசி வையுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் ஏதாவது எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் வருகிறவரிடம் காட்டுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை, மாமியாருடையது, வீட்டுக்காரருடையது உட்பட, பையோடு கொண்டு வாருங்கள். சந்தா வசூலுக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குவோம். இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் கூட்டி வாருங்கள். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வருகிறதா, தேதி தாண்டியது ஏதும் இருக்கிறதா என்று பார்ப்போம். சந்தேகம் வந்தால் நாமாக எதையும் நிறுத்த வேண்டாம். பையை அப்படியே எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்போம். நானும் கூட வருகிறேன்.