ரோட்டரி ஹேமர்: வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்



டிப்ளமோ முடித்து சைட்டுக்குப் போகும் நம்மில் பலர் ரோட்டரி ஹேமர் டிரில்லைக் கையாள வேண்டிவரும். கடையில் "ஹேமர்" என்று கேட்டால் இரண்டு வகையைக் காட்டுவார்கள். வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் காசும் போகும், தோள்பட்டையும் போகும்.

இம்பாக்ட் டிரில்லில் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் துள்ளும். நாம் அழுத்தினால்தான் அடி விழும். செங்கல் சுவருக்கு அது போதும். ரோட்டரி ஹேமரில் பிஸ்டன் முன்னும் பின்னும் ஓடும்போது, உள்ளே அடைபட்ட காற்று அமுங்கி ஸ்டிரைக்கரைத் தள்ளும். அது பிட்டை அடிக்கும். அடிப்பது மெஷின், நேராகப் பிடிப்பதுதான் நம் வேலை. கான்கிரீட்டுக்கு இதுவே சரி.

வாங்கும்போது:

1. வாட்ஸை மட்டும் பார்க்காதீர்கள். அடியின் சக்தி எத்தனை ஜூல் என்று கேளுங்கள். ஆங்கர் போல்ட் வேலைக்கு 2 முதல் 3 ஜூல் போதும்.
2. எஸ்.டி.எஸ். பிளஸ் பிட்டின் தண்டு 10 மி.மீ., மேக்ஸ் 18 மி.மீ. ஒன்றின் பிட் மற்றதில் சேராது.
3. சேஃப்டி கிளட்ச் அவசியம். கம்பியில் பிட் சிக்கினால் மணிக்கட்டைக் காப்பது அதுதான்.

பராமரிப்பு:

1. எதைத் தொடுமுன்னும் பிளக்கைப் பிடுங்குங்கள்.
2. பிட் தண்டைத் துடைத்து, கொஞ்சம் கிரீஸ் தடவிப் பொருத்துங்கள்.
3. காற்றுத் துவாரங்களில் தூசி அடையவிடாதீர்கள், மோட்டார் சூடேறும்.
4. கார்பன் பிரஷ் தேய்ந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.
5. முனை உடைந்த பிட்டை அழுத்தி ஓட்டாதீர்கள்.

மெஷினுக்கு இவ்வளவு சொன்னோம். ஓட்டுகிறவருக்கு?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான்தான் முதல். என் அப்பா கட்டடத் தொழிலாளி. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் கான்கிரீட்டில் ஓட்டை போடுவார். அந்தத் தூசியில் இருக்கும் நுண்ணிய சிலிக்காவைத் துண்டு தடுக்காது. அது நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். வந்தால் குணமாக்க மருந்து இல்லை. சிலிக்காத் தூசி புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997-லேயே அறிவித்துவிட்டது.

ஆகவே, தூசி உறிஞ்சும் இணைப்பு இருந்தால் மாட்டுங்கள். முகத்தோடு ஒட்டி நிற்கும் என்-95 மாஸ்க், கண்ணாடி, காதடைப்பான் மூன்றும் வேண்டும். நாளை நாம் சூப்பர்வைசராக நிற்கும்போது, நம்மிடம் வேலை பார்ப்பவருக்கும் இவற்றை வாங்கிக் கொடுத்த பிறகே சுவிட்சைப் போடச் சொல்வோம். படித்ததற்கு அதுதான் அர்த்தம்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல்