உயிரணுவின் ஆற்றலும் டாக்டர் சுப்பாராவும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. உயிர்வேதியியல்)

மூட்டை தூக்குகிறவருக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? சோற்றிலிருந்து என்பார் என் தந்தையார். எங்கள் ஐயப்பன்தாங்கலில் எழும்பும் அடுக்குமாடிக் கட்டடங்களில் சிமெண்டு மூட்டை சுமப்பவர் அவர். மூட்டை ஒன்று 50 கிலோ. அவர் விடை தவறன்று. ஆனால் முழுமையும் அன்று. காலையில் உண்ட சோறு, மூட்டையைத் தலைக்கு ஏற்றும் அந்த ஒரு நொடியில் தசைக்குள் எந்த வடிவில் காத்திருக்கிறது? இக்கேள்விக்கு விடை கண்டவர்களுள் ஒருவர் நம் சென்னையில் படித்தவர் என்பதைச் சென்ற ஆண்டு வரை நான் அறியேன்.

அறியாததற்குச் சாக்குச் சொல்ல இயலாது. என் செய்முறைப் பதிவேட்டிலேயே அவர் பெயர் இருந்தது. "பிஸ்கே-சுப்பாராவ் முறையில் பாஸ்பரஸ் அளவிடல்" என்று தலைப்பு எழுதி, அடியில் சிவப்பு மையால் கோடும் போட்டிருந்தேன். இரட்டைப் பெயர் கொண்ட யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்பது என் எண்ணம். எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். புத்தகத்தில் வரும் பெயர்களெல்லாம் எட்டாத தூரத்தில் இருப்பவர்களுடையவை என்றே பழகிவிட்டேன்.

அந்தச் சோதனையில் நான் செய்த பிழையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பின்னால் அது தேவைப்படும். பாஸ்பேட் கலவாத வெற்றுக்குழாய் நிறமின்றி இருக்க வேண்டும். எனக்கோ அது இளநீலமாக மாறிற்று. வரைபடத்தில் வரவேண்டிய நேர்கோடும் வரவில்லை. மணியோ நான்கைத் தாண்டிவிட்டது. கோட்டில் விழுமாறு எண்களைத் திருத்தி எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டேன்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். வறுமைக் குடும்பம். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். (அரியர் வைத்துள்ள நண்பர்கள் இவ்வரியை இன்னொரு முறை படித்துக்கொள்ளலாம்.) பின்னர் மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. காந்தியடிகளின் அறைகூவலை ஏற்று அறுவை அறைக்கும் கதர் அங்கி அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. சென்னையிலேயே ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூற்றியல் கற்பித்துச் சில காலம் கழித்தார். 1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் கடைநிலை வேலை.

அங்கே சைரஸ் பிஸ்கே என்பாரின் ஆய்வகத்தில் அவருக்குக் கிடைத்த பணி கேட்பதற்குச் சாதாரணமானது: இரத்தத்திலும் திசுக்களிலும் பாஸ்பரஸ் எவ்வளவு என்று அளக்க நல்ல வழி காண வேண்டும். முறையின் அடிப்படை எளிது. பாஸ்பேட்டுடன் அமிலத்தில் கரைந்த மாலிப்டேட்டைச் சேர்த்தால் பாஸ்போமாலிப்டேட் உண்டாகும். அதை ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். பாஸ்பேட் கூடினால் நீலமும் கூடும். முன்னிருந்தவர்கள் ஒடுக்கியாக ஹைட்ரோகுயினோனைக் கையாண்டனர். இவ்விருவரும் அமினோ நாப்தால் சல்போனிக் அமிலத்தைப் பயன்படுத்தினர்; நிறம் சில நிமிடங்களில் முழுமை பெற்றது. 1925இல் வெளிவந்த அக்கட்டுரை உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரைகளுள் ஒன்றாயிற்று. நம் ஆய்வக அலமாரியில் பழுப்புச் சீசாவில் இருக்கும் கரைசல் அதுவே.

அளவுகோல் செய்தவருக்கு அத்துடன் வேலை முடிந்தது என்றுதான் தோன்றும். ஆனால் கதை அங்கேதான் தொடங்குகிறது. தசைச்சாற்றை இம்முறையில் சோதித்தபோது நீலம் உடனே முழுமை பெறவில்லை. நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போயிற்று. வேறொருவராக இருந்தால் (என்னைப் போன்றவராக இருந்தால் என்று சொல்வதே நேர்மை) கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டியிருப்பார். இவர்கள் கொட்டவில்லை. ஏன் தாமதம் என்று கேட்டார்கள். தசையில் தனித்த பாஸ்பேட் என்று அதுவரை கருதப்பட்டதில் பெரும்பகுதி தனித்ததே அன்று. கிரியேட்டினோடு பிணைந்த ஒரு சேர்மம். அமில மாலிப்டேட்டில் அது மெல்ல மெல்ல உடைகிறது; உடைய உடையப் பாஸ்பேட் வெளிப்பட்டு நிறம் ஏறுகிறது. இவ்வாறு 1927இல் பாஸ்போகிரியேட்டின் கண்டறியப்பட்டது. அதே காலத்தில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதியரும் இப்பொருளைத் தனியே எட்டியிருந்தனர்.

இச்சேர்மம் தசை சுருங்கும்போது குறைகிறது, ஓய்வில் மீள்கிறது. அந்நாளில் தசைச் சுருக்கத்திற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்பது கொள்கை. அது தொடர்பான ஆய்வுகளுக்காக ஹில், மேயர்ஹாஃப் இருவரும் 1922ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசையும் பெற்றிருந்தனர். டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்டு 1930இல், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குகிறது என்றும், அப்போது பாஸ்போகிரியேட்டின் செலவாகிறது என்றும் காட்டினார். பழைய கொள்கை சரிந்தது.

இதற்கிடையில், 1929இல், பிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் இன்னொரு பொருளைப் பிரித்தனர். அடினின், ரைபோஸ் சர்க்கரை, மூன்று பாஸ்பேட்டுகள் சேர்ந்தது அது: அடினோசின் டிரைபாஸ்பேட். நாம் சுருக்கமாக ஏ.டி.பி. என்கிறோமே, அதுதான். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் அதனைக் கண்டார். முந்தியவர் யார் என்ற வழக்குக்குள் நான் போக விரும்பவில்லை. இருவருக்கும் உரிய பெருமை அது. நோபல் பரிசோ இருவருக்குமே கிட்டவில்லை.

ஏ.டி.பி.யின் கடைசிப் பாஸ்பேட் பிணைப்பு நீரால் பிளக்கும்போது மோலுக்குச் சுமார் 7.3 கிலோ கலோரி ஆற்றல் வெளிப்படுகிறது. இதுவே உயிரணுக்களின் பொது நாணயம் என்ற கருத்தை 1941இல் லிப்மன் விரித்துரைத்தார். அந்த நாணயம் எப்படி அச்சாகிறது என்ற கேள்விக்குப் பீட்டர் மிட்செல் 1961இல் சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டைக் காட்டி விடை சொன்னார். முதலில் பலர் ஏற்கவில்லை. 1978இல் நோபல் பரிசு வந்தது. அவ்வச்சு எந்திரமாகிய நொதி சுழன்றே வேலை செய்கிறது என விளக்கிய பாயரும், அதன் அமைப்பைக் கண்ட வாக்கரும் 1997ஆம் ஆண்டுப் பரிசில் பங்கு பெற்றனர்.

நம் உடலில் எந்நேரமும் இருக்கும் ஏ.டி.பி. சுமார் 100 கிராம்தான். ஆனால் அது ஓயாமல் உடைந்து மீண்டும் உருவாவதால், ஓய்வாக இருப்பவரே ஒரு நாளில் ஏறத்தாழ 40 கிலோ ஏ.டி.பி.யைச் செலவிடுகிறார். இதைத் தந்தையாரிடம் சொன்னேன். "அப்போ நான் சும்மா படுத்துக்கினு இருந்தாலும் உள்ள ஒரு மூட்டை தூக்கினுதான் இருக்கேன்னு சொல்லு" என்றார். பாடப்புத்தகம் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. மூட்டையை ஒரே மூச்சில் தூக்கிவிட வேண்டும் என்று அவர் அடிக்கடி சொல்வதற்கும் இப்போது பொருள் விளங்கிற்று. தசையிலுள்ள ஏ.டி.பி. ஓரிரு நொடிக்கே போதும். அது தீரத் தீர உடனே ஈடுசெய்வது பாஸ்போகிரியேட்டின். அந்தக் கையிருப்பும் முழுமுயற்சியில் பத்து நொடியளவே தாங்கும். சோறு அதற்குப் பிறகுதான் கைகொடுக்கிறது.

சுப்பாராவ் 1940இல் ஹார்வர்டை விட்டு லெடர்லே ஆய்வகத்திற்குச் சென்றார். அங்கே அவர் தலைமையில் போலிக் அமிலம் தொகுக்கப்பட்டது. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு 1948இல் சிட்னி ஃபார்பர் பயன்படுத்திய அமினோப்டெரின் வந்தது. யானைக்கால் நோய்க்கான டி.இ.சி. மருந்தும் வந்தது. வீங்கிய காலுடன் திண்ணையில் அமர்ந்திருந்த என் பாட்டிக்குச் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து கொடுத்தது அம்மாத்திரையே. ஆக, அவர் பெயரை அறியாமலே அவரை எங்கள் வீடு அறிந்திருந்தது.

1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், அமெரிக்காவிலேயே மறைந்தார். கப்பலேறியபின் தாயகம் திரும்பவே இல்லை. அவருக்காகக் காத்திருந்த மனைவி சேஷகிரி அம்மாளை எண்ணும்போது என் வியப்பில் சிறிது கசப்பும் கலக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. ஒரு பூஞ்சை இனத்திற்குச் 'சுப்பாரோமைசிஸ்' என அவர் பெயரைச் சூட்டினர். நூற்றாண்டை ஒட்டி 1995இல் இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. சென்ட்ரலுக்கு எதிரே அவர் படித்த மருத்துவக் கல்லூரியைப் பேருந்தில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். இப்போது அவ்வழியே போகும்போது, கதர் அங்கியுடன் ஓர் இளைஞர் அந்த வாயிலில் நுழைவது மனத்தில் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் படித்த மறுவாரம் எங்கள் பேராசிரியரிடம் சென்று, பதிவேட்டில் எண்களைத் திருத்தியதைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "வெற்றுக்குழாய் ஏன் நீலமாச்சுன்னு யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டார். யோசித்திருக்கவில்லை. குழாய்களை எதில் கழுவினேன் என்று அடுத்துக் கேட்டார். சலவைத்தூளில். அதில் பாஸ்பேட் இருக்கக்கூடும் என்பது அப்போதுதான் உறைத்தது. என் பிழையான குழாய் பொய் சொல்லவில்லை. இருந்த பாஸ்பேட்டைத்தான் காட்டியிருக்கிறது.

குழாய்களை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, சோதனையை மறுபடி செய்தேன். வெற்றுக்குழாய் தெளிந்த நீராகவே நின்றது. பழைய பக்கத்தைக் கிழிக்க வேண்டாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அது அப்படியே இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் புதிய அளவுகளை எழுதியிருக்கிறேன். ஒரு புள்ளி மட்டும் கோட்டை விட்டுச் சற்றே விலகியுள்ளது. அதை அங்கேயே விட்டிருக்கிறேன்.